ஓலையில் விழுந்த புள்ளி

நிறைய வயல் வைத்திருந்த பக்கீர் முகைதீன் போடியாருக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது. வயலில் கதிர் தள்ளினாலும் கூப்பாடு, வாய்க்காலில் தண்ணீர் குறைந்தாலும் கூப்பாடு. ஆகவே அன்று காலை பொத்துவில் பஸ் சரியாக நிற்குமுன்பே அவர் அக்கரைப்பற்றுச் சந்தியில் குதித்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தென்னோலையைக் கொடி போலத் தூக்கிப் பிடித்தபடி ஓடியதைப் பார்த்துக் கடைத்தெரு பெரிதாகத் திடுக்கிடவில்லை.

"என்ன போடியார், கொடியேத்தமா?" என்று தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எரிபந்தம்! எண்ட தென்னைக்கு எரிபந்தம்!"

கடையில் சிரிப்புக் கிளம்பியது. எரிபந்தம் நெற்பயிருக்கு வருவது. இலையில் கண் போலப் புள்ளி விழுந்து, வயலே தீப்பட்டது போலக் கருகிப்போகும். தென்னைக்கு எரிபந்தம் என்று அந்த ஊரில் எவரும் கேட்டதில்லை. ஆனால் போடியாரைக் கேட்டால் உலகத்தில் உள்ள எல்லாப் பயிரும் கொஞ்சம் கொஞ்சம் நெல்தான்.

வீட்டில் சபியா உம்மா சூடைமீன் கழுவிக்கொண்டிருந்தார். புருஷன் வந்த வேகத்தில் சட்டியை நகர்த்தி வைத்தார், இல்லாவிட்டால் மிதிபட்டிருக்கும்.

"பாருங்க! இதப் பாருங்க! கோமாரித் தோட்டம் முழுக்க இப்படித்தான். அடி ஓலையெல்லாம் நெருப்பு வெச்ச மாதிரிக் கிடக்கு. மூணு மாசம் நான் வெள்ளாமையப் பார்த்துக்கிட்டிருந்த நேரம், அங்க தென்ன செத்துக்கிட்டிருந்திரிக்கி!"

"அல்லாஹ்வே! எல்லா மரமுமா?"

"எல்லாத்தையும் பார்க்க எனக்கு நெஞ்சு இடம் தரல்ல. வாசல் பக்கம் பார்த்த உடனே பஸ் ஏறிட்டன்."

அந்தத் தோட்டத்தின் கதையை இங்கே சொல்லாமல் முடியாது. சூறாவளி வந்த வருடம், பொத்துவில் போகும் வழியில் இருக்கும் கோமாரி ஊரில் போடியாரின் பழைய தென்னைகள் ஒரே இரவில் வேரோடு புரண்டன. மனிதர் அழவில்லை, கூப்பாடு போட்டார். பிறகு கன்றுகள் வாங்கி, பெண்டாட்டியையும் இரண்டாவது மகள் ஸம்ஸியாவையும் கூட்டிக்கொண்டுபோய், வாடி என்று ஒரு ஓலைக் குடிசை கட்டி, ஒரு கோடை முழுவதும் அங்கேயே கிடந்தார். ஸம்ஸியாவுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து கன்றுகளுக்கு ஊற்றியவள் அவள்தான். வீடு மூத்தவளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. தோட்டம் ஸம்ஸியாவுக்கு என்று அன்றைக்கே பேச்சு. அவளுக்கு வேறு எதுவும் கிடையாது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கன்றுகள் கைக்கெட்டும் உயரத்தில் மரமாகி, இந்த வருடமோ அடுத்த வருடமோ முதற்பாளை தள்ளும் என்று காத்திருந்த நேரத்தில்தான் இந்த ஓலை வந்து வீட்டுக்குள் விழுந்தது.

ஸம்ஸியா ஓலையை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனாள். ஈர்க்கின் இரண்டு பக்கமும் மஞ்சள் புள்ளிகள். பெரிய புள்ளிகளின் நடுப்பாகம் சாம்பல் பூத்து, சுற்றிவர மண்ணிறக் கரை கட்டியிருந்தது. பல புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நுனி முழுவதும் காய்ந்து சுருண்டிருந்தது.

"வாப்பா, குருத்தும் இப்படியா?"

"குருத்த ஆரு பார்த்த? அடி ஓலையே போதாதா?"

"அடி ஓல எப்படியும் விழுகிறதுதானே."

"விழுகிறது வேற, வேகிறது வேற!" என்று போடியார் கத்தினார்.

அதற்குள் மீராசாஹிபு வந்துவிட்டார். சபியா உம்மாவின் மூத்த காக்கா, கூடப்பிறந்த அண்ணன். அவருடைய தென்னந்தோட்டமும் கோமாரியில்தான், வேலிக்கு அந்தப் பக்கம். பஸ்ஸில் வந்த எவனோ அவர் காதில் போட்டிருக்கிறான். பயந்த மனிதர். பயந்தால் அவருக்குக் குரல் குறையும். குரல் குறையக் குறைய எல்லோரும் அவர் சொல்வதையே கேட்பார்கள்.

"மச்சான், நான் ஒண்டு கேள்விப்பட்டன். கப்பல்ல வந்த நோய் வருத்தமாம். பிற நாட்டில தோட்டம் தோட்டமா அழிஞ்சு போனதாம். மருந்து இல்லயாம். வந்த மரத்த வெட்டி நெருப்பு வைக்கிறதுதானாம் வழி. சுணங்கினா காத்தில பக்கத்துத் தோட்டத்துக்கும் போகுமாம்."

"ஆரு சொன்ன மாமா?" என்றாள் ஸம்ஸியா.

"கதைக்கிறாங்க, புள்ள."

"கதைக்கிறாங்க எண்டு மரத்த வெட்டுறதா?"

"என்னத் திட்டாத மகள். எண்ட மரத்துக்கும் பயமாயிரிக்கி. கோமாரி முழுக்க எத்தன பேர்ர தென்ன? எல்லாம் போனா நாளைக்கு ஆர்ர கழுத்தில விழும்?"

இந்தக் கேள்விதான் போடியாரை முறித்தது. நஷ்டம் என்றால் அவர் கத்திவிட்டு ஆறிவிடுவார். ஊரார் பொருள் தன்னால் போனது என்ற பழியை மட்டும் அவரால் சுமக்க முடியாது. மறுமையில் ஒவ்வொரு தென்னையும் வந்து தன் சட்டையைப் பிடிக்கும் என்று அப்போதே காண்பவர் போல நின்றார்.

"நாளைக்கு வெட்டுவம்," என்றார். வாழ்நாளில் முதல்தடவையாக மெதுவாகச் சொன்னார்.

ஸம்ஸியா ஓலையைக் கீழே போடவில்லை. "உம்மா, குணம் சேர் ஆலையடிவேம்பிலதானே இரிக்கார்? கன்று தந்த தென்ன ஒபிசர். அவர்ட்டக் காட்டி ஒரு வார்த்த கேப்பமே."

"ஒபிசர் வாறதுக்குள்ள காத்து வந்திரும்," என்றார் மீராசாஹிபு.

சபியா உம்மா மீன்சட்டியை மூடினார். "காத்து வரட்டும் காக்கா. நாங்களும் வாறம்," என்றார். புருஷனை நேரே எதிர்க்கிற பெண் அல்ல அவர். ஆனால் நாளைக்கு எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்பதை அப்போதே முடிவுசெய்துவிட்டார்.

இரவு பெய்த மழை காலையில் விட்டிருந்தது. ஆண்கள் இருவரும் முகம்மது தம்பி என்கிற மரம் வெட்டுகிறவனைக் கூட்டிக்கொண்டு, கோடரியைச் சாக்கில் சுற்றி, முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். உம்மாவும் மகளும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆலையடிவேம்புக்கு நடந்தார்கள்.

குணம் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஓலையைக் கண்டதும் வாயைக் கொப்பளிக்கவும் மறந்துபோனார். உள்ளே ஓடி ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, ஓலையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதருக்கு நோய்பிடித்த இலை என்றால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு மாதிரி.

"அடி ஓலையிலயா, நடு ஓலையிலயா?"

"அடி ஓலையில சேர்."

"குருத்து?"

"வாப்பா பார்க்கல்ல."

"பார்க்கல்லயா? குருத்தப் பார்க்காம ஒண்டும் சொல்ல ஏலாது. குருத்து அழுகியிருந்தா மரம் தப்பாது. குருத்து நல்லாயிருந்தா..." அவர் நிமிர்ந்தார். "பின்னேரம் வந்து பார்க்கிறன் அம்மா."

"பின்னேரம் மரம் இரியாது சேர்," என்றாள் ஸம்ஸியா. "கோடரியோட போயிட்டாங்க."

"என்ன!"

பெனியனுக்கு மேலே சேர்ட்டை மாட்டியபடியே அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அது மூன்றாவது உதைக்குத்தான் மனமிரங்கியது. "நீங்க பஸ்ஸில வாங்க! நான் முந்திப் போறன்!" என்று கத்திக்கொண்டு போனார்.

முந்திப் போகத்தான் இல்லை. திருக்கோவில் தாண்டி, மழைத் தண்ணீர் தேங்கிய மதகுப் போக்கு ஒன்றருகே பஸ் போனபோது, ஒபிசர் ரோட்டோரத்தில் குந்தியிருந்து மோட்டார் சைக்கிளின் நனைந்த பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸைக் கண்டு இரண்டு கையையும் ஆட்டினார். சபியா உம்மா எழுந்து, "டிறைவர் தம்பி, மனே, நிப்பாட்டாதீங்க, போங்க!" என்றார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு விஷயம் பரவி, கோமாரி வருவதற்குள் ஆளுக்கொரு மருந்து சொல்லிவிட்டார்கள். உப்புப் போடச் சொன்னார் ஒருவர். ஓதித் தண்ணீர் தெளிக்கச் சொன்னார் இன்னொருவர். கருவாட்டுக் கூடையோடு இருந்த பெண், "வெட்டினா குருத்த வீசிப் போடாதீங்க புள்ள, கறிக்கு நல்லம்," என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கோடரிச் சத்தம் கேட்டது. ஸம்ஸியா ஓடினாள். வயதுக்கு வந்த பெண் அப்படி ரோட்டில் ஓடுவதில்லை. அன்றைக்கு உம்மாவும் பின்னால் ஓடினார் என்பதால் யாரும் குறை சொல்ல வாய்ப்பில்லை.

வேலிக் கடப்பைத் தாண்டியவுடன் முதல் மரம் விழுந்து கிடந்தது. ஓலைகள் மண்ணில் விரிந்து, அடிமரத்தில் வெட்டுவாய் ஈரமாக வெளுத்திருந்தது. முகம்மது தம்பி இரண்டாவது மரத்துக்குப் போய்க் கோடரியை ஓங்கியிருந்தான்.

"காக்கா, நிப்பாட்டுங்க!"

ஸம்ஸியா போய் மரத்தோடு முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். முகம்மது தம்பி கோடரியை இறக்கி, மகிழ்ச்சியோடு பீடி எடுத்தான். அவனுக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை.

"விலகு மகள்," என்றார் போடியார். முகம் முழுவதும் வியர்வையும் கண்ணீரும். "எனக்கு ஆசையா? நான் வெச்ச மரம்!"

"நான் தண்ணி ஊத்தின மரம். எனக்கெண்டு சொன்ன மரம். எண்டயெண்டா என்னட்டக் கேக்கோணும்தானே வாப்பா?"

"கேட்டா நீ வெட்ட விடுவயா?"

"அதுக்குத்தான் கேக்கல்லயா?"

மீராசாஹிபு தொண்டையைச் செருமி, காற்றைப் பற்றி ஏதோ தொடங்கினார். சபியா உம்மா காக்காவைத் திரும்பிப் பார்த்தார். காற்றும் நின்றது, காக்காவும் நின்றார்.

அந்த நேரத்தில்தான் வெடித்து வெடித்து மோட்டார் சைக்கிள் வந்தது. குணம் அதை நிறுத்தவில்லை, விழவிட்டார். யாருக்கும் சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை. ஸம்ஸியா சாய்ந்து நின்ற மரத்தின் அடி ஓலையை இழுத்துக் கண்ணாடியைப் பிடித்தார். பிறகு அடுத்த மரம். பிறகு அதற்கடுத்தது. எல்லோரும் அவர் பின்னால் ஒரு வரிசையாகப் போனார்கள்.

"வாங்க போடியார், இதுக்குள்ள பாருங்க. அந்த நரைப் புள்ளிக்கு நடுவில."

போடியார் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஒண்டும் தெரியல்ல."

"மூடின கண்ணத் திறந்து, மத்தத மூடுங்க."

"ஆ! கறுப்புக் கறுப்பா! கடுகு மாதிரி! நிறைய இரிக்கி!"

"அதுதான் பங்கசு. பூசணம். ஈரம் கூடினா அந்தக் கறுப்புப் பொட்டு வெடிச்சுப் பரவும். இதுக்குப் பேர் நரை இலைவெளிறல். கப்பல்ல வரல்ல. எப்பவும் எங்கட மண்ணில இருக்கிறதுதான்."

கண்ணாடி கைமாறியது. சபியா உம்மா பார்த்து, "அல்லாஹ், எவ்வளவு சின்னதில எவ்வளவு அநியாயம்," என்றார். முகம்மது தம்பி பீடியை எறிந்துவிட்டுப் பார்த்தான். மீராசாஹிபு தன் தோட்டத்து வேலிக்கு மேலால் எட்டி, தன்னுடைய ஓலையையும் இழுத்துப் பார்த்தார். அதிலும் இரண்டு புள்ளி இருந்தது. ஐயோ என்று உட்கார்ந்துவிட்டார்.

"மரம் சாகுமா சேர்?" என்றாள் ஸம்ஸியா.

"இது மரத்தக் கொல்லாது. சோரப் பண்ணும். ஆனா சும்மா கிடக்கிற பூசணம் ஏன் இந்த ஆட்டம் ஆடுது எண்டு பார்க்கோணும்." குணம் தோட்டத்தைச் சுற்றிக் கண்ணோட்டினார். "வாடிக்குப் பின்னால நிக்கிற மரம் மட்டும் ஏன் பச்சையா நிக்குது?"

உண்மைதான். எல்லோரும் அப்போதுதான் கண்டார்கள். வாடிக்குப் பின்னால் நாலைந்து மரங்கள் அடி ஓலைவரை கரும்பச்சையாக நின்றன.

"வந்து தங்குற நேரம் அடுப்புச் சாம்பல் அங்கதான் கொட்டுற," என்றார் சபியா உம்மா. "நெல்லு அவிச்ச உமிச் சாம்பலும் அங்கதான்."

"அப்படிச் சொல்லுங்கம்மா! சாம்பல்ல இருக்கிற சத்து இதுகளுக்குக் கிடைச்சிருக்கு, மத்ததுக்குக் கிடைக்கல்ல. மத்ததுக்கு என்ன போட்ட போடியார்?"

"மாட்டெரு," என்றார் போடியார், வேலியைப் பார்த்தபடி.

"மாட்டெரு மட்டும்தானா?"

"மாட்டெருதான்."

"வெள்ளாமைக்கெண்டு எடுத்த யூரியாவில மிச்சம் எங்க போன?" என்றார் சபியா உம்மா, மிகவும் சாதாரணமாக.

போடியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். "கொஞ்சம் போட்டன். போன போகத்திலயும் போட்டன். ஓல மஞ்சளடிச்சா வேற என்ன போடுற? மஞ்சளுக்கு யூரியாதானே? எண்ட வயலப் பாருங்க சேர், அக்கரைப்பற்றில அப்படி ஒரு வெள்ளாம இரிக்கா?"

"வயல விடுங்க. ஒண்டு கேக்கிறன். எரிபந்தம் விழுந்த வயலுக்கு யூரியா எறிவீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? எரிபந்தத்துக்கு யூரியா எறிஞ்சா பத்திப் புடிச்சி எரியும்! சின்னப் புள்ளைக்கும் தெரியும்! அதுக்கு..."

அவர் பார்வை கருகின அடி ஓலைக்குப் போனது.

"இதுவும் அப்படித்தான்," என்றார் குணம், அவரைக் காயப்படுத்தாத குரலில். "நீங்க எரிபந்தம் எண்டு சொன்னதில பாதி சரி. அதுவும் பூசணம், இதுவும் பூசணம். பேரப் பாதி சரியா வெச்சிட்டு வைத்தியத்தப் பிழையாச் செஞ்சீங்க. யூரியாவ நிப்பாட்டுங்க. பொட்டாஷ் போடுங்க, சாம்பல்ல இருக்கிற சத்து அதுதான். கருகின ஓலைய மட்டும் வெட்டி எரிங்க. அதுக்கு மேல ஒரு மருந்தும் அடிப்பம்."

"அப்ப மரம் நிக்குமா?"

"நிக்கும்."

"எல்லா மரமும்?"

"நிக்கும் போடியார்!"

போடியார் போட்ட கூப்பாடு கடற்கரைக்குக் கேட்டிருக்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று தொடங்கி, ஒபிசரைக் கட்டிப்பிடித்து, முகம்மது தம்பியின் கோடரியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்து, மீராசாஹிபுவைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "மச்சான், சாகாதாம்! உங்கட ரெண்டு புள்ளியும் சாகாது! எழும்புங்க!" சபியா உம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாடிக்குள் போய் அடுப்பு மூட்டினார். யார் என்ன சொன்னாலும் வந்த மனிதருக்கு ஒரு தேத்தண்ணி வேண்டும்.

குணம் மட்டும் விழுந்த மரத்தருகே போனார். "எதுக்கும் குருத்தப் பார்த்திருவம். அப்பதான் நான் சொன்னது முழுக்கச் சரியெண்டு எனக்கும் நிம்மதி," என்று முகம்மது தம்பியிடம் கத்தி வாங்கினார். மட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டி விலக்கினார். மட்டையடியில் சுற்றியிருந்த நார்ப் பன்னாடையை உரித்தார். உள்ளே குருத்து, ஒரு கறை இல்லாமல், பால் போல வெள்ளையாக இருந்தது. ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கும் நீட்டினார். "இனிப்பு. அழுகல் இல்ல. நான் சொன்னது சரி."

ஸம்ஸியா வாங்கவில்லை. குணம் வெட்டி விலக்கிய மட்டை ஒன்றின் கக்கத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, விரலால் பன்னாடையைக் கிழித்து, உள்ளேயிருந்து ஒன்றை எடுத்தாள். கூர்நுனியோடு, இளம்பச்சையாக, அவள் முழங்கை நீளம்கூட இல்லாத ஒன்று.

முதற்பாளை. இன்னும் வெடிக்கவில்லை. வெளியே எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

குணம் மெல்லுவதை நிறுத்தினார். போடியார் கிட்ட வந்து பார்த்தார். பிறகு திடீரென்று அடுத்த மரத்துக்குப் போய், மட்டையின் கக்கத்தில் கையை விட்டுப் பன்னாடையை விலக்கினார்.

"இதிலயும் இரிக்கி!"

அதற்கடுத்த மரத்துக்கு ஓடினார். சாரன் அவிழப் பார்த்தது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை விட்டார்.

"இதிலயும்! மச்சான், இஞ்ச வாங்க! இதில ரெண்டு! சேர், இதில ரெண்டு!"

மீராசாஹிபு பின்னால் ஓடினார். முகம்மது தம்பியும் ஓடினான். வாடியிலிருந்து சபியா உம்மா அகப்பையோடு வெளியே வந்து, எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டு நின்றார். தோட்டத்தின் கடைசி வரிசையிலிருந்தும் போடியாரின் குரல் வந்துகொண்டிருந்தது. மரத்துக்கு மரம் அது உயர்ந்துகொண்டே போனது.

அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது, கையெல்லாம் பன்னாடைத் தூசு. ஸம்ஸியா விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். பாளை மடியில் கிடந்தது.

"மகள்," என்றார். "உண்ட மரம் எல்லாத்திலயும் பாள இரிக்கி."

அவள் தலையை ஆட்டினாள்.

"ஓம் வாப்பா. இதிலயும் இரிந்திச்சி."